மலையில்லாத ஊரில் என்ன பார்ப்பது?

“மாமா, இங்க மலை எங்க இருக்கு?” என்று கேட்டாள் தங்கையின் மகள். பன்னிரண்டு வயது; பிறந்ததும் வளர்ந்ததும் பாரிசில். முந்திய கோடை விடுமுறைக்குப் பெற்றோர் அவளை அன்சி ஏரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். சுற்றிவர மலை, நடுவிலே நீல ஏரி. இந்தக் கோடைக்கு யாழ்ப்பாணம். வந்த இரண்டாம் நாள் கீரிமலைக்குப் போனோம். வான் வண்டியிலிருந்து இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டாள். பெயரில் மலை இருக்கிறது, இடத்தில் இல்லை.

நியாயமான கேள்வி. பிரான்சிலோ கனடாவிலோ கொழும்பிலோ இருந்து பிள்ளைகளோடு நீங்கள் வந்தால் உங்களிடமும் கேட்கப்படும். பதிலை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்தால் பயணம் வேறு மாதிரி அமையும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலை இல்லை, அருவி இல்லை, ஆண்டு முழுக்க ஓடும் ஆறுகூட இல்லை. அப்படியென்றால் பார்க்க என்ன இருக்கிறது?

நீங்கள் நிற்கும் நிலம்தான். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலடியில் படிந்து இறுகிய கல் அது. மழைநீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். வெடிப்பு வழியே உள்ளே இறங்கிவிடும். ஆண்டு முழுக்க ஆறாக ஓட மேலே தண்ணீர் நிற்பதில்லை, நிறைய நிலத்துக்குள் போய்விடுகிறது. இப்படிக் கரைந்து பொத்தலாகிய நிலத்தைக் கார்ஸ்ட் (சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான நிலம்) என்பார்கள். கிணறு, கேணி, செம்பாட்டுத் தோட்டம், முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில், உவர்வெளி என்று இங்கே கண்ணுக்கு அழகாகப் படுபவை எல்லாம் அந்தக் கல்லும் தண்ணீரும் செய்தவை. இதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களே பார்க்கத் தொடங்குவார்கள்.

கீரிமலையில் என்ன விசேஷம்?

கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்று. உள்ளூரில் பெய்த மழை கல்லுக்குள் இறங்கி, நிலத்தடியில் நடந்து, கரையோரத்தில் வெளியே வருகிறது. ஆண்கள் கேணியில் இறங்கி நின்றால் ஒரு மதிலுக்கு அப்பால் கடல் அடிக்கும் சத்தம் கேட்கும். வாயில் படும் தண்ணீர் கடல்நீர் போலக் கரிக்காது. பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. கீரிமுக முனிவர் இங்கே நீராடி முகம் மாறினார் என்பது ஐதீகம்; அதனால்தான் கீரிமலை. பக்கத்தில் நகுலேசுவரம், ஈழத்தின் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்று. மாற்று உடுப்பும் துவாயும் கொண்டுபோங்கள். சவர்க்காரம் வேண்டாம், அந்தத் தண்ணீர் எல்லாருக்கும் உரியது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய ஊரே திரண்டு வரும். அன்று சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். கடமை செய்ய வேண்டியிருந்தால் மட்டும் போங்கள்.

அடுத்து நிலாவரை. புத்தூருக்குப் பக்கத்தில், நவக்கிரியில் இருக்கிறது. அங்கே போய் வந்தவர்கள், “ஒரு கிணறுதானே, அஞ்சு நிமிசத்தில பாத்து முடிஞ்சுது” என்பார்கள். உண்மைதான், மேலேயிருந்து பார்த்தால் கிணறுதான். ஆனால் அது மனிதர் வெட்டியது அல்ல. கீழே கல் கரைந்து குகையானபோது அதன் கூரை இடிந்து விழுந்து உண்டான வாய் அது. தாகத்துக்காக இராமர் அம்பு விட்ட இடம் என்று ஊர்க்கதை சொல்லும். பிரான்சில் லொத் மாவட்டத்துப் பதிராக் பிலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறீர்களா? நிலத்தில் திடீரென்று ஒரு பெரிய ஓட்டை, நூறு மீற்றர் கீழே இறங்கினால் நிலத்தடி ஆறு, அதில் ஓடம். 1889இல் முதலில் இறங்கிப் பார்த்தார்கள். நிலாவரை அதன் சின்னத் தங்கச்சி. அங்கே ஓட்டைக்குள் இறங்கலாம். இங்கே ஓட்டை நிறையத் தண்ணீர்.

நிலாவரையில் மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்கிறார்களே, அது எப்படி?

இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் தங்கும் வீட்டுக் கிணறும் இதே கதைதான். நன்னீர் உப்புநீரைவிடச் சற்று இலேசானது. அதனால் குடாநாட்டு நிலத்தடியில் மழைநீர், உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு இறைத்து மேலே 1 அடி குறைத்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். ஏறிவிட்ட உப்பு இலேசில் இறங்காது. பட்டையிலும் துலாவிலும் இறைத்த எங்கள் பாட்டன்மாருக்கு இந்தக் கணக்குத் தெரியாமலிருக்கலாம், ஆனால் ஒரு துலாவால் அந்தக் கேட்டைச் செய்யவும் முடியாது.

ஆகவே ஐரோப்பாவில் குளிப்பது போல அரைமணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளிக்காதீர்கள். வாளியில் பிடித்துக் குளியுங்கள். குடிப்பதற்குக் கிணற்றுநீர் வேண்டாம். தோட்டங்களுக்குப் போடும் பசளை பல கிணறுகளில் கலந்திருக்கிறது. வடிகட்டிய நீரோ போத்தல் நீரோ குடியுங்கள். தேத்தண்ணி சற்று உவர்ப்பாக இருந்தால் வீட்டுக்காரரைக் குறை சொல்லாதீர்கள், அது நிலத்தின் சுவை.

எந்த மாதம் வருவது நல்லது?

பலருக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைதான் இதைத் தீர்மானிக்கிறது. யூலை, ஓகஸ்ட்டில் வருகிறீர்கள் என்றால் அது சோளகக் காலம். சோளகம் (தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று) ஏறத்தாழ வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும். நிலம் காய்ந்து கிடக்கும், புழுதி பறக்கும், தீவுகளுக்குப் போகும் கடல் குதிக்கும். அதே வேளை கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அப்போதுதான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அந்த நாட்களில்தான் வரும். தீர்த்தம் அமாவாசையில் என்பதால் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த நாட்களில் நகரில் தங்க இடம் கிடைப்பது கடினம், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். திருவிழாவுக்காகவே வருகிறீர்கள் என்றால் நல்லூருக்குப் பக்கத்தில் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். இல்லையென்றால் வடமராட்சிப் பக்கம் தங்குங்கள்.

நத்தார் விடுமுறையில் வந்தால் நிலம் முழுக்கப் பச்சை. ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைதான் எங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு. மழை விட்டபின் கடல்நீரேரிகளில் வெளிநாட்டுப் பறவைகள் இறங்கும். பூநாரைக் கூட்டமும் வரும். அப்போது வீசுவது வாடைக்காற்று (வடகிழக்கிலிருந்து வருவது). பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கடல் அந்த நாட்களில் குளிப்பதற்கு அல்ல.

நடுவிலே மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும். உங்களால் மாதத்தைத் தெரிவுசெய்ய முடியும் என்றால் மாசிதான் என் தெரிவு. குளத்தில் தண்ணீர் வற்றியிராது, பறவையும் போயிராது, நெடுந்தீவுப் படகும் ஆடாது.

நெடுந்தீவுக்குப் போகத்தான் வேண்டுமா?

வேண்டும். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். அங்கே ஓர் இரவு தங்குங்கள் என்றும் சொல்வேன்.

முதலில் போகும் வழி. யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும். தெருவின் இருபக்கமும் கடல் வரும் தாம்போதிகளைக் கடந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால்மணி, இருபது நிமிடம். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அந்தச் சின்னத் தீவிலேயே இருக்கின்றன. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். படகுகள் நாளுக்குச் சிலதான், நேரமும் மாறும். முதல் நாளே விசாரித்து வையுங்கள். காலைப் படகுக்கு இறங்குதுறையில் அரைமணி முன்னதாக நில்லுங்கள். தீவு மக்கள் மூட்டை முடிச்சோடு ஏறுவார்கள், அவர்களுக்கு அது பஸ், உல்லாசப் பயணம் அல்ல. வயோதிபருக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் இடம் விடுங்கள்.

கடற்சுகவீனம் வருமா? சோளகத்தில் வரும். புறப்பட முன் வயிறுமுட்டச் சாப்பிடாதீர்கள். குளிசை போடுவதென்றால் ஏறுவதற்கு அரைமணி முன் போடுங்கள். உயிர்காப்பு அங்கி தந்தால் பிள்ளைகளுக்கு முதலில் மாட்டுங்கள், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கடலில் ஓடிய படகுகளில் ஒன்று குமுதினி. 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அதே நாளில் தீவு மக்கள் அவர்களை நினைவுகூர்கிறார்கள். படகில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு அது கேள்விப்பட்ட செய்தி அல்ல, உறவுக்காரரின் சாவு. இதைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

மாவலித் துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரர் வருவார்கள். அரை நாளுக்குப் பேசி எடுக்கலாம், அல்லது சைக்கிள் வாடகைக்குக் கேட்கலாம். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், முழுக்கச் சமதரை. அடிப்பாகம் குடைந்து ஆள் நுழையக்கூடிய பெருக்குமரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, இடிந்த கோட்டை எல்லாவற்றையும் ஓட்டோக்காரரே வரிசையாகக் காட்டுவார். தெற்குப் பக்க வெளியில் மட்டக்குதிரைகள் மேயும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்தவை என்பார்கள். கிட்டப்போய்த் தொட முயலவேண்டாம். கோடையில் அவற்றுக்குத் தண்ணீருக்கே திண்டாட்டம். துரத்தினால் வீணாக ஓடிக் களைக்கும்.

நான் உங்களை நிற்கச் சொல்வது வேறோர் இடத்தில். எந்த ஒழுங்கையானாலும் சரி, ஒரு மதிலுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தீவு முழுக்க வளவுகளைப் பிரிப்பது முருகைக்கல் அடுக்கிய மதில்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின்மேல் கல்லை அதன் வாகு பார்த்து வைத்திருக்கிறார்கள். கிட்டப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் உயிர் இருந்த அடையாளம் தெரியும்: ஒன்றில் தேன்வதை போலக் கண் கண்ணாக, இன்னொன்றில் மூளை மடிப்புப் போல வளைந்து வளைந்து. விரலால் தடவினால் அரம் போலப் பிடிக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குமேல் வெயில் சரியும்போது கல்லிடுக்குகள் வழியே வெளிச்சம் மறுபக்கம் விழும். அப்போது மதிலே ஒரு பின்னல் போல ஆகிவிடும்.

ஒருநாள் பயணமாக வந்தவர்கள் அந்த நேரத்தில் திரும்பிப் போகும் படகில் இருப்பார்கள். நான் ஒருமுறை கடைசிப் படகைத் தவறவிட்டு அங்கே தங்கியபோதுதான் இதைக் கண்டேன். அன்று இரவு காற்றும் பனையோலைச் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. தங்குவதற்குச் சில விடுதிகள் இருக்கின்றன; வசதி குறைவு, சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தலாவது கொண்டுபோங்கள். வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

தீவுக்குப் போகமுடியாத அளவுக்குக் காற்று என்றால் என்ன செய்வது?

ஊர்காவற்துறைக்குப் போங்கள். அங்கிருந்து காரைநகருக்குப் ‘பாதை’ ஓடுகிறது. பாதை என்பது மனிதரையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் தட்டையான மிதவை. கடக்கும்போது நீரின் நடுவே ஒல்லாந்தரின் கடற்கோட்டை தெரியும். சில நிமிடப் பயணம்தான், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். அக்கரையில் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை: சவுக்கு மரநிழல், நெடுந்தூரம் வரை ஆழமில்லாத கடல். சிறு பிள்ளைகளோடு குளிக்கக் குடாநாட்டில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. திரும்பும்போது பொன்னாலைப் பாலத்தால் வாருங்கள். இரண்டு பக்கமும் தண்ணீரில் மீன்பிடிக் கட்டுத்தடிகள் வரிசையாக நிற்கும்.

வடமராட்சிக்கு ஒருநாள் போதுமா?

விடியப் புறப்பட்டால் போதும். 750ஆம் இலக்க பஸ்ஸிலும் போகலாம், ஆனால் இந்தப் பக்கத்துக்கு வாகனம் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் வல்லை வெளியில் நிறுத்தவேண்டும். வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் நடுவில் வீடில்லாத, மரமில்லாத அகன்ற உவர்வெளி. மாரியில் தண்ணீர் விரிந்து வானம் கீழே கிடக்கும், கோடையில் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். இரண்டும் அழகுதான்.

அங்கிருந்து வல்வெட்டித்துறை. பாய்க்கப்பல் கட்டிய ஊர். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் அத்திலாந்திக் கடலைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தைப்பொங்கலன்று இந்தக் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியைப் பார்க்க நாலா பக்கத்திலிருந்தும் சனம் வரும். பருத்தித்துறையில் வெளிச்சவீட்டைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள், தெருமூடி மடத்துக்கும் போங்கள். வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிய மடம். தெரு அதன் கூரைக்குக் கீழாலேயே போகிறது. இருபக்கத் திண்ணையில் ஒன்றில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள், வெளியில் எவ்வளவு வெயில் எறித்தாலும் கல் குளிரும். பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். தட்டையாக, மொறுமொறுவென்று இருக்கும், நாட்கணக்கில் கெடாது. பாரிசுக்கும் போய்ச் சேரும்.

பின்னேரம் நான்கு மணிக்குமேல் மணல்காடு. அதற்குமுன் போனால் கால் சுடும். கடற்கரையோரம் காற்று குவித்த மணற்குன்றுகள், அதில் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள். 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையில் பலரை அள்ளிப்போனது; அவர்களைப் புதைத்த சேமக்காலையும் இங்கேதான். குன்றில் பிள்ளைகள் ஓடி விளையாடட்டும், சேமக்காலைப் பக்கம் சத்தமில்லாமல் நடக்கச் சொல்லுங்கள். கடலில் இறங்குவதற்குமுன் அங்குள்ள கடற்றொழிலாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நகரத்தைப் பற்றிச் சொல்லவே இல்லையே?

கோட்டையும் நூலகமும் நல்லூரும் உங்களை எப்படியும் வந்தடையும். கோட்டையின் கொத்தளத்தில் சூரியன் மறையும் நேரத்துக்கு ஏறுங்கள். நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின; உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றுவதோடு கைபேசியின் சத்தத்தையும் நிறுத்துங்கள், அங்கே பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும். பெண்களும் பெண்பிள்ளைகளும் முழங்காலுக்குக் கீழ் மூடும் உடுப்பு அணியுங்கள். அரைக்காற்சட்டையோடு வந்து வாசலில் தடுமாறுவதைவிட, வானில் ஒரு வேட்டி இருந்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை ஏதும் உண்டா?

உண்டு. பலாலி, காங்கேசன்துறைப் பக்கம் இன்னும் சில காணிகள் இராணுவத்தின் கையில். முட்கம்பிக்கு அப்பால் படம் எடுக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். முகமாலைப் பக்கமோ சுண்டிக்குளத்துக்குப் பறவை பார்க்கவோ போனால் வண்டித் தடத்தை விட்டு இறங்கவேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அங்கேயே திரும்புங்கள்.

இன்னொன்று. தீவகத்திலும் வலிகாமம் வடக்கிலும் கூரையில்லாத வீடுகளைக் காண்பீர்கள். சுவருக்குள் ஆலமரம் வேர்விட்டு, பார்க்க ஓவியம் போல இருக்கும். படம் எடுக்க உள்ளே போகாதீர்கள். அந்த வீட்டுக்காரர் உங்களைப் போலவே பாரிசிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். அது யாரோ ஒருவருடைய பிள்ளை பிறந்த அறை.

எத்தனை நாள் ஒதுக்குவது?

உறவினர் வீட்டு விருந்துகளைச் சேர்க்காமல் நான்கு நாள். கீரிமலையும் நிலாவரையும் ஒருநாள், வடமராட்சி ஒருநாள், தீவுகளுக்கு இரண்டு. ஒரே நாளில் பதினொரு இடம் காட்டும் வான் பயணத்துக்குச் சம்மதிக்காதீர்கள். அதில் நீங்கள் பார்ப்பது வானின் கண்ணாடியைத்தான். நடுப்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை எங்கேயும் போகாமல் வீட்டிலிருந்து சாப்பிட்டுப் படுங்கள். ஊரே அப்படித்தான் செய்கிறது.

தங்கையின் மகளுக்கு அன்று கேணிப் படியில் வைத்து இந்தக் கல்லின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தண்ணீரைக் கையில் அள்ளி நக்கிப் பார்த்தாள். பிறகு மதிலால் எட்டிக் கடலைப் பார்த்தாள். “அப்ப மலை கீழ இருக்கு” என்றாள்.

மறுநாள் நிலாவரைக்குப் போக அவள்தான் முதலில் வானில் ஏறியிருந்தாள்.